கிரானி ஸ்கொயர்: மூன்றாம் சுற்றில் மூலை காணாமல் போகிறது, உதவி தேவை

இராகலை மலர்

எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சிக்கு மார்கழியில் பிள்ளை பிறக்க இருக்கிறது. இராகலைக் குளிர் உங்களுக்குத் தெரியும்தானே. என் கையாலேயே ஒரு குரோஷே போர்வை போட்டுக் கொடுக்க ஆசை. ஊசியும் உல்லன் நூலும் டவுனில் ஃபேன்சி கடையில் வாங்கினேன். வீடியோ பார்த்துக் கிரானி ஸ்கொயர், அதாவது நடுவிலிருந்து சுற்றுச் சுற்றாக வளரும் சதுரம், போடுகிறேன்.

முதல் சுற்று சரி. இரண்டாம் சுற்றும் ஒரு மாதிரி வந்துவிடுகிறது. மூன்றாம் சுற்று முடிந்து விரித்துப் பார்த்தால் ஒரு பக்கம் நீளம், ஒரு மூலை காணோம், நடுப்பகுதி குழிந்து நிற்கிறது.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. அம்மாவிடம் இருந்த பழைய புத்தகத்தில் ட்ரெபிள் போடு என்று இருக்கிறது. வீடியோவில் டபுள் என்கிறார்கள். படம் இரண்டிலும் ஒன்றுதான். எதைப் பின்பற்றுவது? ஊசியில் 2.0 என்று அடித்திருக்கிறது. நூல் கறுப்பு, கொஞ்சம் பஞ்சு பஞ்சாக இருக்கும்.

கொட்டகலை பையன்

அக்கா, கறுப்பு நூலை எடுத்து வையுங்கள். லயத்துக் காம்பிராவில் இரவு ஒற்றை பல்ப் வெளிச்சத்தில் கறுப்பு நூலின் கண்ணி தெரியவே தெரியாது. ஊசி எந்த ஓட்டைக்குள் போகிறது என்று பார்க்க முடியாமல் பழகுவது வீண் சிரமம். வெளிர் மஞ்சள், பால் வெள்ளை, இளம்பச்சை, இப்படி ஏதாவது ஒன்று வாங்குங்கள். பஞ்சு இல்லாத வழவழப்பான நூலாக இருக்கட்டும்.

நான் தொழிற்சாலையில் இரவு முறை வேலை. பகலில் தூக்கம் வராத நேரத்தில் போடுவதுதான் இது. ஆம்பிளைப் பிள்ளைக்கு ஏன் இந்த வேலை என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். என் அம்மாவுக்கு நான் போட்ட சால்வையை அவர் கோயில் திருவிழாவுக்குப் போட்டுக்கொண்டு போனார். எனக்கு அது போதும்.

தையலக்கா, பண்டாரவளை

மலர், தங்கச்சிக்கு வாழ்த்துகள். பெயர்க் குழப்பத்தை முதலில் முடித்துவிடுவோம். பிரிட்டிஷ் முறையில் ட்ரெபிள் என்பதும் அமெரிக்க முறையில் டபுள் என்பதும் ஒரே தையல்தான். நம் வீடுகளில் கிடக்கும் பழைய புத்தகங்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் முறை. யூடியூபில் வருவது பெரும்பாலும் அமெரிக்க முறை. ஆனால் பிரிட்டிஷ் முறையிலும் டபுள் என்று ஒன்று இருக்கிறது, அது குட்டையான வேறு தையல். இரண்டு முறையையும் கலந்து போட்டால் ஒரு பக்கம் உயரமும் ஒரு பக்கம் குட்டையுமாக வரும். குறிப்பில் சிங்கிள் என்ற சொல் எங்காவது இருந்தால் அது அமெரிக்க முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் இங்கே ட்ரெபிள் என்றே எழுதுகிறேன், அம்மாவின் புத்தகத்தோடு ஒத்துப்போகும்.

2.0 ஊசி டொய்லி, அதாவது மேசையில் விரிக்கும் சின்னப் பின்னல் விரிப்பு, போடும் பருத்தி நூலுக்கு. உல்லனுக்கு அது ஆகாது. டீகே என்று லேபிளில் போட்டிருக்கும் நடுத்தர நூலுக்கு 4 மி.மீ. ஊசி வாங்குங்கள். பாட்டிமார் வைத்திருந்த பழைய ஊசி கிடைத்து அதில் 8 என்று மட்டும் இருந்தால் 8 மி.மீ. என்று நினைத்துவிட வேண்டாம். பழைய பிரிட்டிஷ் கணக்கில் 8 என்பதுதான் இன்றைய 4 மி.மீ.

சரி, சதுரத்துக்கு வருவோம். வீடியோ பார்க்கிறவர்கள் எல்லாரும் எண்ணிக்கையை மனப்பாடம் செய்யப் பார்க்கிறார்கள். அதனால்தான் மூன்றாம் சுற்றில் தடுமாற்றம் வருகிறது. கிரானி ஸ்கொயரில் தையலின் தலையைத் தேடிக் குத்துகிற வேலை அநேகமாக இல்லை. முந்தின சுற்றில் விட்ட இடைவெளிக்குள் ஊசியை விடுகிறோம், அவ்வளவுதான். இடைவெளி இரண்டே வகை. மூலை இடைவெளி, பக்க இடைவெளி. சேர்ந்து நிற்கும் 3 ட்ரெபிளைத்தான் கொத்து என்கிறேன். மூலைக்குள் இரண்டு கொத்து, பக்கத்துக்குள் ஒரு கொத்து. இதை விளங்கிக்கொண்டால் முப்பதாவது சுற்று வரைக்கும் குறிப்பைப் பார்க்கத் தேவையில்லை.

தொடக்கத்திலிருந்தே சொல்கிறேன். சுருக்கு முடிச்சுப் போட்டு 4 சங்கிலி. முதல் சங்கிலிக்குள் ஊசியை விட்டு ஸ்லிப் ஸ்டிச், அதாவது உயரமில்லாமல் இணைக்கும் தையல். சின்ன வளையம் கிடைக்கும்.

முதல் சுற்று: 3 சங்கிலி ஏற்றுங்கள். இது ஒரு ட்ரெபிளாகக் கணக்கு. வளையத்துக்குள் இன்னும் 2 ட்ரெபிள். ஒரு கொத்து ஆயிற்று. 2 சங்கிலி, இது மூலை. மறுபடி 3 ட்ரெபிள், 2 சங்கிலி. இப்படி இன்னும் இரண்டு தடவை. கடைசி 2 சங்கிலி முடிந்ததும் ஆரம்பத்தில் ஏற்றிய 3 சங்கிலியின் உச்சியில் ஸ்லிப் ஸ்டிச் போட்டு மூடுங்கள். நாலு கொத்து, நாலு மூலை.

இரண்டாம் சுற்று: அடுத்த இரண்டு ட்ரெபிளின் தலையிலும் ஸ்லிப் ஸ்டிச் போட்டு நகர்ந்து மூலை இடைவெளிக்கு வாருங்கள். அங்கே 3 சங்கிலி, 2 ட்ரெபிள், 2 சங்கிலி, 3 ட்ரெபிள். எல்லாம் அந்த ஒரே ஓட்டைக்குள். பிறகு 1 சங்கிலி. அடுத்த மூலைக்குள் 3 ட்ரெபிள், 2 சங்கிலி, 3 ட்ரெபிள். 1 சங்கிலி. இப்படியே நாலு மூலையும் போட்டு மூடுங்கள்.

மூன்றாம் சுற்று: மூலை எல்லாம் முன் மாதிரியே. புதிதாக வருவது ஒன்றுதான். இரண்டு மூலைக்கு நடுவில் போன சுற்றில் விட்ட 1 சங்கிலி இடைவெளி இருக்கிறது பாருங்கள், அதற்குள் ஒரு கொத்து, அதாவது 3 ட்ரெபிள். கொத்துக்குக் கொத்து 1 சங்கிலி.

உங்களுக்கு ஒரு மூலை காணாமல் போவது இங்கேதான். மூலைக்குள் ஒரே கொத்துப் போட்டுவிட்டு நகர்ந்தால் அந்த மூலை மழுங்கிப் பக்கமாகிவிடும். பக்க இடைவெளிக்குள் தெரியாமல் இரண்டு கொத்துப் போட்டால் ஐந்தாவது மூலை முளைக்கும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஒரு பக்கத்தில் எத்தனை கொத்து என்று எண்ணுங்கள். முதல் சுற்றில் ஒன்று, இரண்டில் இரண்டு, மூன்றில் மூன்று. எத்தனையாவது சுற்றோ அத்தனை கொத்து. நாலு பக்கமும் எண்ணிச் சரியாக இருந்தால் மேலே போகலாம். இல்லாவிட்டால் அந்தச் சுற்றைப் பிரிப்பது நல்லது, அடுத்த சுற்றில் சரிக்கட்ட முடியாது.

இராகலை மலர்

அக்கா, எத்தனையாவது சுற்றோ அத்தனை கொத்து என்று எந்த வீடியோவிலும் சொல்லவில்லை. எண்ணிப் பார்த்தேன். இரண்டு பக்கத்தில் மூன்று கொத்து, ஒரு பக்கத்தில் ஐந்து. நடுவில் ஒரு மூலைக்குள் ஒரே கொத்துத்தான் போயிருக்கிறது. விளங்கிவிட்டது!

ஆனால் குழிவது ஏன்? கொத்துச் சரியாக இருந்த இரண்டாம் சுற்றிலேயே கொஞ்சம் குழிந்துதான் இருந்தது.

தையலக்கா, பண்டாரவளை

சங்கிலியை இறுக்கிப் போடுகிறீர்கள். மூலையில் வரும் 2 சங்கிலி இறுகினால் அடுத்த சுற்றில் ஆறு ட்ரெபிள் உட்கார அங்கே இடம் இருக்காது. மூலை உள்ளே இழுபடும், நடு குழியும். ஊசியின் கொக்கிக்குக் கீழே கழுத்து ஒடுங்கி இருக்கும், அதற்கும் கீழே தண்டு சமமான தடிப்பில் இருக்கும். கண்ணியின் அளவை அந்தத் தண்டில் வைத்துத்தான் எடுக்க வேண்டும். ஒடுங்கிய கழுத்தில் வைத்து இழுத்தால் 4 மி.மீ. ஊசியிலும் கண்ணி சின்னதாகத்தான் வரும்.

இடது கையையும் கவனியுங்கள். நூலைச் சுண்டு விரலில் ஒரு சுற்றுச் சுற்றி, ஆள்காட்டி விரலுக்கு மேலாக விடுங்கள். ஆள்காட்டி விரல் தூக்கினால் நூல் இறுகும், தாழ்த்தினால் தளரும். கையை நூல் வெட்டினால் இறுக்கம் கூடிவிட்டது என்று அர்த்தம். தை, மாசியில் காலையில் விரல் விறைத்திருக்கும்போது எல்லாருக்குமே தையல் இறுகும். தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக் கை சூடானபிறகு தொடங்குங்கள்.

குழியாமல் ஓரம் அலை அலையாக வந்தால் அது எதிர்ப்பிரச்சினை. சங்கிலி தளர்ந்திருக்கும், அல்லது கொத்து கூடியிருக்கும்.

ஊவா மகள்

எல்லாரும் புது நூல் வாங்கச் சொல்கிறீர்கள். இப்போது நூல் விற்கிற விலையில் ஒரு போர்வைக்கு வாங்க எத்தனை பேரால் முடியும்? நுவரெலியா பேல் பஜாரில் பழைய கம்பளிச் சட்டை மலிவாகக் கிடைக்கிறது. ஒரு பெரிய ஆம்பிளை ஸ்வெட்டரைப் பிரித்தால் நிறைய நூல். நான் போட்டதெல்லாம் அப்படித்தான்.

வாங்கும்போது சட்டையை உள்பக்கம் திருப்பி, விலாத் தையலைப் பாருங்கள். துணி வெட்டப்பட்டு, ஓரத்தில் பல நூல் குறுக்கும் நெடுக்கும் ஓடி ஓவர்லாக் அடித்திருந்தால் அப்படியே வைத்துவிடுங்கள். அதைப் பிரித்தால் ஒவ்வொரு வரியும் துண்டு துண்டாக வரும். ஓரம் வெட்டப்படாமல், இரண்டு பக்கமும் சங்கிலித் தையலால் கோத்திருந்தால் அது நல்ல சட்டை. அந்தத் தையலில் சரியான முனையைக் கண்டுபிடித்து இழுத்தால் விர்ரென்று முழுதும் பிரியும். பிறகு முன், பின், இரண்டு கை என்று தனித்தனியாக எடுத்து, தோள் பக்கத்திலிருந்து பிரிக்க வேண்டும். பொதுவாகக் கீழிருந்து மேலாகப் பின்னுவார்கள், அதனால் கீழிருந்து இழுத்தால் சிக்கும்.

பிரித்த நூல் நெளிந்து நெளிந்து இருக்கும். நாற்காலி முதுகில் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வையுங்கள். பிழியாமல் துவாயில் வைத்து ஒத்தி எடுத்துக் கொடியில் தொங்கவிட்டால் நெளிவு போய்விடும். அடுப்புக்கு மேல் காய வைத்தால் புகை வாடை ஏறும், பிறகு போகாது.

சட்டை ஆட்டுக் கம்பளியா அக்ரிலிக்கா என்று தெரிய ஒரு சின்னத் துண்டு நூலைக் கிடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். கம்பளி முடி கருகிய வாடை அடித்துப் பொடியாகும் சாம்பல் விடும், தீயை எடுத்ததும் அணைந்துவிடும். அக்ரிலிக் உருகிக் கறுப்பு உருண்டையாக இறுகும்.

கொட்டகலை பையன்

ஊவா மகள் அக்கா சொல்வதை நானும் செய்திருக்கிறேன். நல்ல வழிதான். ஆனால் இயந்திரத்தில் பின்னிய ஸ்வெட்டர் நூல் மெல்லிசாக இருக்கும். இரண்டு இழை, சில நேரம் மூன்று இழை சேர்த்துப் போட வேண்டும். முதல் சதுரம் போடுகிறவருக்கு இரண்டு இழையில் ஒன்றை மட்டும் கொக்கி பிடித்துக்கொண்டு வந்தால் எங்கே போயிற்று என்று தேடுவதற்குள் ஆர்வமே போய்விடும்.

தையலக்கா, பண்டாரவளை

இரண்டு பேரும் சொல்வது சரி, வரிசைதான் முக்கியம். கண் பழகுகிற வரைக்கும் புது நூல் ஒரு பந்து. வெளிர் நிறம், அக்ரிலிக், டீகே. அதையே போட்டுப் பிரித்துப் போட்டுப் பிரித்துப் பழகலாம், அக்ரிலிக் அதைத் தாங்கும். கண்ணி எது, இடைவெளி எது என்று பார்த்தவுடன் தெரிகிற நிலை வந்தபிறகு பழைய சட்டைக்குப் போங்கள். வெவ்வேறு மிச்ச நிறங்களை வைத்து உள்சுற்றுகளைப் போட்டுக் கடைசிச் சுற்றை மட்டும் எல்லாச் சதுரத்துக்கும் ஒரே நிறத்தில் போட்டால் எத்தனை நிறம் கலந்தாலும் ஒன்றாகச் சேர்ந்து நிற்கும். மலர் வாங்கிய கறுப்பு நூல் அதற்கு நன்றாக உதவும். இந்தச் சதுரத்தின் குறிப்பு அமெரிக்காவில் ஒரு விவசாயப் பத்திரிகையில் 1885ஆம் ஆண்டிலேயே அச்சில் வந்திருக்கிறது. இத்தனை காலம் நிலைத்ததற்கு மிச்ச நூலும் வீணாகாது என்பது ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் இந்த ஒரு போர்வைக்கு மட்டும் பழைய சட்டை வேண்டாம். பிறந்த பிள்ளைக்கு அடிக்கடி துவைக்க வேண்டும். ஆட்டுக் கம்பளி சுடுதண்ணீரில் சுருங்கித் தடித்துவிடும், சில பிள்ளைகளின் தோலையும் உறுத்தும். அக்ரிலிக் அல்லது பருத்தி போதும். இன்னொன்று, ஓட்டை உள்ள பின்னலில் பிள்ளையின் விரல் மாட்டும். கொத்துக்குக் கொத்து வரும் அந்த 1 சங்கிலியை விட்டுவிட்டு, மூலைக்கு மட்டும் 2 சங்கிலி போடுங்கள். கொத்துகளுக்கு இடையில் சும்மாவே ஊசி போகிற இடம் இருக்கும். பின்னல் நெருக்கமாகி, குளிருக்கும் நல்லது. பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கும்போது போர்த்துங்கள். தனியாகத் தூங்க விடும்போது தளர்ந்த போர்வையை முதல் வருடம் பக்கத்தில் வைக்கக் கூடாது. தங்கச்சியிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.

இடதுகைக்காரி, மஸ்கெலியா

இடைமறிப்பதற்கு மன்னிக்கவும். நான் இடது கைக்காரி. வீடியோவில் வலமிருந்து இடமாகப் போகிறார்கள். எனக்கு எதிராகப் போகிறது. வலது கையில் பிடித்துப் பழகச் சொல்கிறார் எங்கள் வீட்டுப் பக்கத்து அக்கா. அப்படித்தான் செய்ய வேண்டுமா?

தையலக்கா, பண்டாரவளை

வேண்டவே வேண்டாம் தங்கச்சி. இடது கையிலேயே போடுங்கள். நாங்கள் போகும் சுற்றுக்கு எதிர்ச்சுற்றில் நீங்கள் போவீர்கள், சதுரம் அதே சதுரம்தான். மூலைக்கு இரண்டு, பக்கத்துக்கு ஒன்று என்ற கணக்கு மாறாது. ஃபோனில் வீடியோவை இடவலமாகத் திருப்பிக் காட்டும் ஆப் இருக்கிறது, அதில் போட்டுப் பார்த்தால் உங்கள் கை போலவே தெரியும். ஆப் இல்லாவிட்டால் ஃபோனைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்து, கண்ணாடியில் பாருங்கள்.

இடதுகைக்காரி, மஸ்கெலியா

கண்ணாடியில் பார்த்துப் போட்டேன் அக்கா. முதல் சுற்று வந்துவிட்டது!

ஊவா மகள்

மேஜிக் ரிங் என்று நூலை விரலில் சுற்றித் தொடங்குகிறார்களே, அதுதானே அழகு? நடுவில் ஓட்டையே தெரியாது. 4 சங்கிலி வளையம் பழைய முறை இல்லையா?

தையலக்கா, பண்டாரவளை

அழகுதான். ஆனால் அதன் வால் நூலை நன்றாகக் கோத்து முடிக்காவிட்டால் சில தடவை துவைத்ததும் நடு திறந்துகொள்ளும். நடு திறந்தால் முழுச் சதுரமும் போயிற்று. சங்கிலி வளையம் திறக்காது. பழகுகிறவர்களுக்குச் சங்கிலி வளையத்தைத்தான் நான் சொல்வேன். வால் நூலை 15 செ.மீ. விட்டு, முதல் சுற்றைப் போடும்போது வளையத்தோடு சேர்த்துப் பிடித்து அதன் மேலேயே ட்ரெபிள் போடுங்கள். பிறகு அதை இழுத்தால் நடு ஓட்டை ஓரளவு சிறுக்கும். மிச்சத்தை மொட்டை ஊசியில் கோத்து ஒரு பக்கம் போய், திரும்பி எதிர்ப்பக்கம் வந்து, பிறகு வெட்டுங்கள். ஒரே திசையில் கோத்தால் நழுவி வெளியே வரும்.

கொட்டகலை பையன்

முடித்த சதுரத்தை நீவி அளவு பிடிப்பதற்கு நான் டிவி பெட்டியில் வந்த ரெஜிஃபோமை, அந்த வெள்ளை நுரைப் பலகையை, வைத்திருக்கிறேன். சதுரத்தை லேசாக நனைத்து, நாலு மூலையிலும் குண்டூசி குத்தி, காயும் வரை விடுவேன். துருப்பிடிக்காத குண்டூசியாக இருக்க வேண்டும். நம் பக்கத்து ஈரத்தில் காய இரண்டு நாள் கூட ஆகும், அதற்குள் சாதாரண குண்டூசி துருக்கறை விட்டுவிடும். அக்ரிலிக் மேல் அயன் பாக்ஸ் வைக்கவே கூடாது, உருகித் தட்டையாகிவிடும்.

இராகலை மலர்

வெளிர் மஞ்சளில் நாலு சுற்றுச் சதுரம் முடித்துவிட்டேன். நாலு பக்கமும் நாலு கொத்து, தட்டையாக இருக்கிறது. அம்மா கொழுந்து மலையிலிருந்து வந்து, கையைக் கழுவிவிட்டு வாங்கிப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இன்னொன்று போடு என்றார்.

இனி ஒரு கேள்வி. ஒரு சதுரம் ஏறக்குறைய 10 செ.மீ. வருகிறது. போர்வை 75 செ.மீ. வேண்டும். ஐம்பதுக்கு மேல் சதுரம் போட்டு ஒட்ட வேண்டுமா? ஒட்டத் தெரியாது. நூல் எவ்வளவு வாங்க வேண்டும் என்றும் தெரியவில்லை.

தையலக்கா, பண்டாரவளை

முதல் போர்வைக்கு ஒட்டும் வேலையே வேண்டாம். நிறுத்தாமல் ஒரே சதுரத்தைச் சுற்றிச் சுற்றிப் பெரிதாக்குங்கள். உங்கள் நாலு சுற்று 10 செ.மீ. என்றால் முப்பது சுற்றில் 75 செ.மீ. வந்துவிடும். ஐம்பது சதுரத்துக்கு நூறு வால் நூல் கோக்க வேண்டும், அந்தத் தொல்லையும் மிச்சம்.

ஒரே திசையில் சுற்றிக்கொண்டே போனால் பெரிய சதுரம் மெதுவாக முறுக்கிக்கொண்டு மூலைகள் சரியும். நாலாம் சுற்றை மூடியதும் வேலையைத் திருப்பிப் பிடியுங்கள். கையருகில் ஒரு பக்க இடைவெளி இருக்கும். அதற்குள் ஸ்லிப் ஸ்டிச் போட்டு, 3 சங்கிலி ஏற்றி, அங்கிருந்தே அடுத்த சுற்றைத் தொடங்குங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் இப்படித் திருப்பினால் சரியாது, முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே மாதிரி இருக்கும்.

நூல் கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் 12 ட்ரெபிள் கூடுகிறது. நாலு சுற்றில் மொத்தம் 120. முப்பது சுற்றில் 5580. பதினைந்தாம் சுற்றில் பாதி வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது, அப்போது செலவானது ஏறக்குறைய கால் பங்கு நூல்தான். முடித்த சதுரத்தை நகைக்கடைத் தராசில் ஒரு தடவை நிறுத்துத் தரச் சொல்லுங்கள், தெரிந்த கடையில் மறுக்க மாட்டார்கள். 5580 என்பது 120ஐப் போல் ஏறக்குறைய 47 மடங்கு, அதனால் அந்த எடையை 47ஆல் பெருக்குங்கள். 6 கிராம் என்றால் 282 கிராம், மூன்று 100 கிராம் பந்து. கையில் ஒன்று கூடுதலாக இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்கி, லேபிளில் லொட் நம்பர், அதாவது ஒரே தடவையில் சாயம் போட்டதைக் காட்டும் எண், ஒன்றுதானா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். வேறு லொட் என்றால் அதே மஞ்சளிலும் ஒரு பட்டை தனியாகத் தெரியும்.

இராகலை மலர்

ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போகிறேன் அக்கா. நகைக்கடையில் 7 கிராம் என்று வந்தால் 329. அப்போது நாலு பந்தும் கூடுதலாக ஒன்றும் வாங்க வேண்டும், இல்லையா?

தையலக்கா, பண்டாரவளை

நாலு பந்தே போதும், அதிலேயே மிச்சம் வரும். ஐந்தாவது வேண்டாம். மிஞ்சும் நூலில் கடைசியாக ஓரத்தைச் சுற்றிக் குட்டைத் தையலில் ஒரு வரி போடுங்கள், அம்மாவின் புத்தகத்தில் டபுள் என்று இருப்பதுதான் அது. மூலைக்குள் மட்டும் மூன்று.